அடுப்படிக்கும் ஒரு ஞாயிறு



பட்டுக்கோட்டை மீன் கடைகளில் ஞாயிற்றுக்கிழமைக்கென்று தனிக் களை உண்டு. விடுமுறை மட்டுமே அதற்குக் காரணமில்லை. நம் கடலோரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாள்களில் கடலுக்குப் போகும். மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. சனிக்கிழமை போன படகுகள் மறுநாள் காலையில் மல்லிப்பட்டினத்துக்கும் சேதுபாவாசத்திரத்துக்கும் திரும்புகின்றன. இறாலும் நண்டும் ஐஸ் ஏறாமலே நம் கூடைக்கு வந்துவிடுகின்றன.

வீட்டுக்கு வந்த பிறகு? ஐயா தொலைக்காட்சிக்கு முன்னால். பிள்ளைகள் செல்போனோடு. அம்மா அடுப்படியில். மீன் ஆய வேண்டும், புளி கரைக்க வேண்டும், தேங்காய் அரைக்க வேண்டும், இறாலைத் தனியாகத் தொக்கு வைக்க வேண்டும். இரண்டு மணிக்குச் சாப்பாடு. உண்ட களைப்பில் வீடே படுத்திருக்கும்போது அவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார். ஊரெல்லாம் ஓய்வெடுக்கிற நாளில்தான் அவருக்கு வேலை கூடுகிறது.

இந்த ஞாயிறு விடுமுறை நமக்குச் சும்மா கிடைத்ததல்ல. பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர்களைத் திரட்டி, நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு, 1890-இல் பெற்றுத்தந்த உரிமை அது. வாரத்தில் ஆறு நாள் ஆலைக்கு உழைத்தவனுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது அவர் வாதம். அந்த உரிமை ஆலைக்கு வந்தது, அலுவலகத்துக்கு வந்தது, பள்ளிக்கூடத்துக்கு வந்தது. அடுப்படிக்கு இன்னும் வரவில்லை. அதை அங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இன்றைக்கு உங்கள் முன் பேசுகிறேன்.

அடுப்படி ஓய்கிற நாளில் வீடே வெளியே இறங்கி நடக்கவும் வேண்டும் என்பேன். நம் பக்கத்தில் முன்பெல்லாம் ஓய்வு வாரக் கணக்கில் வராது. பருவக் கணக்கில் வரும். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் வேலை தொடங்கும். நாற்றங்கால், உழவு, நடவு, களை என்று போய், தை அறுவடையோடு முதுகு நிமிரும். உடற்பயிற்சி என்று அன்றைக்கு யாரும் தனியாகச் செய்யவில்லை. நாள் முழுதும் குனிந்து நட்ட அப்பாயிக்கு அதற்கு மேல் என்ன பயிற்சி வேண்டும்? இன்றைக்கு நடவுக்கு இயந்திரம், அறுப்புக்கு இயந்திரம், பக்கத்துத் தெருவுக்குப் போக பைக். உழைத்துத் தேய்ந்த முதுகுகளுக்கு இயந்திரம் தந்த விடுதலையை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் மூன்று வேளைச் சோறு மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நெல் விளைகிற பூமியில் இருக்கும் நாம் இதை அடுத்த வீட்டுச் செய்தியாகக் கேட்க முடியாது.

வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடப்பது போன்ற உழைப்பு உடம்புக்கு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் நேரம் கிடைக்காதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2023-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, பிரிட்டனில் 89,573 பேர் கையில் கட்டியிருந்த கருவியின் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. அந்த உழைப்பில் பெரும்பகுதியை ஒன்றிரண்டு நாளிலேயே செய்து முடித்தவர்களுக்கும், வாரம் முழுக்கப் பரப்பிச் செய்தவர்களுக்கும், மாரடைப்பு, பக்கவாத ஆபத்து ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்தது. சனியும் ஞாயிறும் போதும் என்று இதற்குப் பொருள். உட்கார்ந்தே பழகிய உடம்பை மட்டும் முதல் வாரமே வாட்டிவிடாதீர்கள். மூட்டுவலியோ இதய நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

எங்கே போவது? சனிக்கிழமை சாயங்காலத்துக்கு வாய்க்கால் கரை இருக்கிறது. மேட்டூர் அணை கட்டிய அதே காலத்தில், 1934-இல் நமக்கு வந்தது கல்லணைக் கால்வாய். நாம் புது ஆறு என்கிறோம். கல்யாண ஓடை, ராஜாமடம் வாய்க்கால் என்று பிரிந்து நம் வயல்களுக்கு வரும் தண்ணீரின் கரையில் வெயில் தாழ்ந்ததும் ஒரு மணி நேரம் நடக்கலாம். தாத்தா முன்னால் போகட்டும். அவர் வேகமே எல்லாருடைய வேகமும். தண்ணீர் ஓடும்போது பிள்ளைகளைத் தனியே இறக்காதீர்கள். சிமெண்ட் பூசிய சரிவுகளில் கரையேறப் பிடிமானம் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமைக்கு மனோரா. ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். சைக்கிள் பழகிய இளவட்டங்கள் ஐந்து மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் போய்விடலாம். மற்றவர்கள் பேருந்தில் வந்து கடற்கரையில் நடக்கட்டும். நெப்போலியனின் வீழ்ச்சியைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் 1814-15-இல் கட்டிய எட்டு நிலைக் கோபுரம் அது. ஐரோப்பாவில் நடந்த போருக்கு நம் கடற்கரையில் நினைவுச்சின்னம்! பிள்ளைகளுக்கு வரலாறு சொல்ல இதைவிட நல்ல இடம் ஏது? எதிரே பாக் விரிகுடா. ஆழம் குறைந்த, அலை அடங்கிய கடல். அடியில் கடற்புல் வளர்கிறது, அதை மேய்ந்து ஆவுளியா என்கிற கடற்பசு வாழ்கிறது. அதற்காகவே தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022-இல் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். இறால் குஞ்சுகளும் அந்தப் புல்லுக்குள்தான் ஒளிந்து வளர்கின்றன. நம் ஞாயிற்றுக்கிழமைத் தொக்கு அங்கே தொடங்குகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இனி சாப்பாடு. இப்படி ஊரோடு வெளியே போய் உண்பது நமக்குப் புதிதல்ல. ஆடிப் பதினெட்டுக்குப் புளியோதரையும் தேங்காய்ச் சோறும் தயிர்ச் சோறும் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனவர்கள் நாம். காணும் பொங்கலுக்கும் அப்படித்தான். அந்தக் கட்டுச்சோற்றில் ஒரு நுட்பம் இருக்கிறது: கரைக்குப் போன பிறகு அங்கே சமைக்கிற வேலை யாருக்கும் இல்லை. பரிமாறியவரும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுவார். வருஷத்தில் இரண்டு நாள் முடிந்ததை மாதத்தில் இரண்டு ஞாயிறு ஏன் செய்யக் கூடாது?

மீதி ஞாயிறுகளில் மீன் குழம்பை ஆண்கள் வைக்கட்டும். கஷ்டமில்லை. நல்லெண்ணெயில் வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, தக்காளி கரைந்ததும் குழம்பு மிளகாய்த்தூளும் புளிக்கரைசலும் சேர்த்துப் பச்சை வாசனை போகக் கொதிக்க விடுங்கள். பிறகு நம் தோப்புத் தேங்காயை மையாக அரைத்து ஊற்றுங்கள்.  கடைசியில் மீனும் இரண்டு கீற்று மாங்காயும். மீன் விழுந்த பிறகு கரண்டி போடாதீர்கள். சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். அம்மா அந்த நேரத்தில் வாசலில் பிள்ளைகளோடு பாண்டி ஆடட்டும். பாத்திரத்தைச் சாப்பிட்டவர்கள் துலக்கட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு மீன் வராது. அப்போது நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதை வாங்குங்கள், இல்லையென்றால் கருவாட்டுக் குழம்பு வையுங்கள். ஐப்பசி மழையில் வாய்க்கால் கரை வழுக்கும். அந்த வாரங்களில் நடையைத் தார்ச்சாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.