முதல் பக்கத்தில் ஒரு பெயர்

(பரிசளிப்பு விழாவில் பள்ளியின் முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



“இளம் பிள்ளைகளைப் பற்றிய கதைகள்” என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று தலைமையாசிரியர் என்னைப் பணித்தார். நான் எழுத்தாளர் அல்லள். பட்டம் பெற்றவளும் அல்லள். ஆறாம் படிவத்தில் படித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவி. ஆனால் கதை படிப்பதற்குப் பட்டம் தேவையில்லை என்ற துணிவில் ஒப்புக்கொண்டேன். பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நாம் கூடியிருக்கும் இந்த ஷா ஆலம் வட்டாரம் ஒரு காலத்தில் பால் மரமும் செம்பனையுமாக இருந்தது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். 1978ஆம் ஆண்டில் இது சிலாங்கூரின் தலைநகராயிற்று. 2000ஆம் ஆண்டில் மாநகராயிற்று. காடு போயிற்று, லயம் போயிற்று. ஆனால் மிட்லண்ட்ஸ், ஹைலண்ட்ஸ் என்று தோட்டத்தின் பெயரையே இன்றும் சுமந்து நிற்கும் தமிழ்ப் பள்ளிகள் ஷா ஆலத்திலும் கிள்ளானிலும் உள்ளன. மரம் அழிந்த பிறகும் பெயர் நிற்கிறது. இன்று நான் பேச வந்ததும் பெயரைப் பற்றித்தான்.

முதலில் ஒரு கதை. எழுதியவர் கு. அழகிரிசாமி. இடைசெவல் என்னும் தமிழ்நாட்டுக் கிராமத்தில் 1923இல் பிறந்தவர். ஆனால் அவர் நமக்கு அந்நியர் அல்லர். 1950களில் கோலாலம்பூருக்கு வந்து, தமிழ் நேசன் பத்திரிகையில் ஆசிரியராக இருந்து, இந்நாட்டு எழுத்தாளர் பலரை உருவாக்கியவர். 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019இல் நின்றுவிட்டது. நம் தாத்தாக்கள் காப்பிக் கடையில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்த பத்திரிகை அது.

அவர் எழுதிய “அன்பளிப்பு” என்ற கதையில் பத்திரிகை அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவர் வருகிறார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர்மேல் உயிர். புத்தகம் கொண்டுவந்து கொடுப்பார்; கூட உட்கார்ந்து சிரிப்பார். புது வருஷத்துக்கு இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் டைரி கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்குக் கொடுக்கவில்லை. அவர் கெட்டவர் அல்லர். அவனை நினைக்கவில்லை, அவ்வளவுதான். சாரங்கன் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்கு வரும்படி அவரை அழைக்கிறான். உபசரிக்கிறான். பிறகு, தானே தேடி வைத்திருந்த ஒரு டைரியை எடுத்து நீட்டி, இதில் எழுதிக் கொடுங்கள் என்கிறான். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவனே சொல்கிறான்: அன்புள்ள சாரங்கனுக்கு இது தம்முடைய அன்பளிப்பு என்று அவர் எழுத வேண்டுமாம்!

தம்பி தங்கைகளே, அந்தப் பையனுக்கு டைரி ஒன்றும் பெரிசில்லை. அதுதான் அவன் கையிலேயே இருக்கிறதே! அவன் கேட்டது முதல் பக்கத்தில் தன் பெயர். தான் மதிக்கும் ஒருவரின் கையெழுத்தில், அன்போடு, தன் பெயர். இந்தக் கதை அடங்கிய தொகுதிக்கு 1970இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அதே ஆண்டில் ஆசிரியர் காலமாகியிருந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு என் வகுப்புத் தோழன் ஒருவன் நினைவுக்கு வந்தான். பெயர் சொல்ல மாட்டேன். இதே பள்ளியில் ஆறு வருஷம் எங்களோடு படித்தவன். இந்த ஆறு வருஷத்தில் ஆறு பரிசளிப்பு விழா நடந்தது. ஆறிலும் நாற்காலி தூக்கி அடுக்கியவன் அவன். மாவிலைத் தோரணம் கட்டியவன் அவன். ஒலிபெருக்கி கரகரத்தால் ஓடிப்போய்க் கம்பியைச் சரிபண்ணியவன் அவன். ஒருமுறைகூட அவன் பெயர் மேடையில் வாசிக்கப்படவில்லை. கணக்கில் முதல் மாணவர், மொழியில் முதல் மாணவர் என்றுதான் பட்டியல் இருந்தது. நாற்காலி தூக்குவதில் முதல் மாணவர் என்று ஒரு பரிசு இல்லை. அவன் ஒவ்வொரு வருஷமும் சுவரோரமாக நின்று எங்களுக்குக் கைதட்டினான். எங்களில் யாருமே அதைக் கவனிக்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டான். ஒரு கூட்டத்தில் போய்ச் சேர்ந்தான். அது என்ன மாதிரிக் கூட்டம் என்று பெற்றோர்களாகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே அவனுக்கு உடனே ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். ஆறு வருஷத்தில் நாம் செய்யாததை அவர்கள் ஒரே வாரத்தில் செய்துவிட்டார்கள்.

இங்கே இன்னொரு நாவலைச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்றொரு நகரம். அங்கே எஸ். இ. ஹின்டன் என்ற பள்ளி மாணவி, தன்னைச் சுற்றியுள்ள பிள்ளைகளைப் பற்றி உண்மையாக எழுதிய புத்தகம் இல்லையே என்று, 15 வயதில் தானே எழுதத் தொடங்கினார். “தி அவுட்சைடர்ஸ்” என்ற அந்த நாவல் 1967இல் வெளிவந்தது. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்று பொருள் கொள்ளலாம். ஏழைப் பையன்கள் ஒரு கூட்டம், பணக்காரப் பையன்கள் ஒரு கூட்டம். இரண்டுக்கும் பகை. போனிபாய் என்ற 14 வயதுப் பையனுக்குத் தாய் தந்தை இல்லை. மூத்த அண்ணன் டாரி மேற்படிப்பை விட்டுவிட்டுக் கூரை வேலைக்குப் போய்த் தம்பிகளைக் காப்பாற்றுகிறான். எப்போதும் கண்டிப்பு, எப்போதும் ஏச்சு. அண்ணனுக்குத் தன்மேல் பாசமே இல்லை என்று தம்பி நினைக்கிறான். ஒரு நாள் இரவு அண்ணன் கைநீட்டிவிட, தம்பி வீட்டை விட்டு ஓடுகிறான். அந்த இரவிலேயே ஒரு கொலை நடந்துவிடுகிறது. பிறகு ஆஸ்பத்திரியில் அண்ணன் தன்னைப் பார்த்து அழுவதைக் கண்டபோதுதான், அந்தக் கண்டிப்பெல்லாம் பயத்தில் வந்தது, பாசத்தில் வந்தது என்று தம்பிக்குப் புரிகிறது.

பெற்றோர்களே, சின்னவள் சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். நம் வீடுகளிலும் டாரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிள்ளை கெட்டுப்போகக் கூடாதே என்ற பயத்தில் நாள் முழுக்க ஏசுகிறோம். பாசத்தை மட்டும் மனசுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்கிறோம். “நீ நல்லா செஞ்சடா” என்று ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளைக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்கிறோம். அந்த ஒரு வார்த்தையை வீட்டில் கேட்காத பிள்ளை, அதைச் சொல்லுகிற வாயைத் தேடிப் போகிறான். அது எந்த வாய் என்று பார்ப்பதில்லை.

மூன்றாவதாக நான் சொல்ல வந்த நாவல் நம் நாட்டிலேயே பிறந்தது. கெடா மாநிலத்துப் பீடோங்கில் 1942இல் பிறந்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்து, 2020இல் மறைந்த கே. எஸ். மணியம் அவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய “தி ரிட்டர்ன்”. வெளிவந்த ஆண்டு 1981. இடைநிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை ஒருவர் எனக்கு இரவல் கொடுத்தார்.

ரவி என்ற தமிழ்ப் பையன்தான் கதை சொல்கிறான். சலவைத் தொழிலாளியின் மகன். பாட்டி பெரியாத்தா இந்தியாவிலிருந்து வந்து பாடுபட்டுக் குடும்பத்தை நிறுத்தியவர். ரவி ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறான். படிக்கப் படிக்க வீடு சிறிசாகத் தெரிகிறது. அப்பாவின் வேலை சிறிசாகத் தெரிகிறது. இங்கிலாந்து போய்ப் படித்து ஆசிரியராகத் திரும்புகிறான். தகப்பனாரோ இந்த மண்ணில் தமக்கென்று ஓர் இடம், ஒரு வீடு வேண்டும் என்ற ஏக்கத்திலேயே நிலைகுலைந்து அழிந்துபோகிறார். மகன் ஊருக்குத் திரும்பிவிட்டான். வீட்டுக்குத் திரும்பினானா என்ற கேள்விதான் எனக்குள் நின்றது.

இந்தப் புத்தகத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. காரணத்தை இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறேன். இடைநிலைப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரம் ஒரு பாரம் கொடுத்தார்கள். தாயாரின் தொழில் என்ன என்று அதில் ஒரு கோடு. என் அம்மா விடியுமுன் லோரியேறிச் செம்பனைத் தோட்டத்துக்குப் போய், உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுகிறவர். முள் குத்தாத நாள் கிடையாது. நான் அந்தக் கோட்டில் ‘இல்லத்தரசி’ என்று மலாய் மொழியில் எழுதினேன். கையெழுத்துக்காக அம்மாவிடம் நீட்டியபோது, “என்ன எழுதியிருக்கு, படிச்சுக் காட்டும்மா” என்றார்கள். “ஒண்ணுமில்லம்மா, சும்மா பேரு விலாசம்தான்” என்றேன். அம்மா நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒரு பையனின் பெயரை யாரும் எழுதவில்லை என்று இத்தனை நேரம் வருத்தப்பட்டவள், பெற்ற தாயின் உழைப்பை நானே அழித்து எழுதியிருக்கிறேன். ரவியைப் படித்த இரவில்தான் அது எனக்கு உறைத்தது. மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். அம்மா திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “உனக்கு வெக்கமா இருந்துச்சா?” என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். “எனக்கும் அந்த வயசுல எங்கம்மாவ நெனச்சு வெக்கமாத்தான் இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வந்த எல்லாப் பாரத்திலும் தோட்டத் தொழிலாளி என்றே எழுதி வருகிறேன்.

ஆகவே இம்மூன்று கதைகளிலிருந்தும் நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். ஊர் வேறு, மொழி வேறு, காலம் வேறு. ஆனால் இளம் பிள்ளைகள் எல்லாரும் கேட்பது, என்னையும் ஓர் ஆளாகக் கணக்கில் எடு என்பதையே. கணக்கில் எடுக்கப்படாத பிள்ளை சாரங்கனைப் போல மௌனமாகத் தவிப்பான். அல்லது வேறு கூட்டத்தைத் தேடுவான். அல்லது என்னைப் போல, தன்னைப் பெற்றவர்களையே கணக்கிலிருந்து எடுத்துவிடுவான்.

அழகிரிசாமியின் இன்னொரு கதையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “ராஜா வந்திருக்கிறார்” என்பது அதன் பெயர். தீபாவளிக்கு முதல் நாள், ஏழை வீட்டு வாசலில் சொறியும் சிரங்குமாக ஓர் அநாதைப் பையன். அந்த வீட்டுத் தாய் அவனைத் தன் பிள்ளைகளோடு சேர்த்துக் குளிப்பாட்டி, புருஷனுக்கென்று வாங்கி வைத்த துண்டை அவனுக்குக் கட்டிவிடுகிறாள். அவன் பெயர் ராஜா. பெரிய வீட்டுப் பையன் தங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாகப் பெருமையடிக்க, இந்த வீட்டுச் சிறுமியும் தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகச் சொல்கிறாள். பிறர் பிள்ளையை ராஜாவாக்க அந்தத் தாய்க்குத் தேவைப்பட்டது ஒரு துண்டும் கொஞ்சம் எண்ணெயும்தான். நம்மிடம் அவ்வளவுகூடவா இல்லை?

சென்ற வருஷம் கிள்ளானில் பஸ் நிலையத்தில் அந்தத் தோழனைப் பார்த்தேன். மெலிந்திருந்தான். கூட்டத்தை விட்டுவிட்டானாம்; லோரியில் சாமான் ஏற்றும் வேலையாம். “நீ இன்னும் புத்தகம் படிக்கிறியா?” என்று கேட்டான். பிறகு, “ஸ்கூல்ல இப்ப யாரு நாற்காலி அடுக்குறா?” என்று கேட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன் இந்த மேடையில் எனக்கு ஒரு பரிசுப் புத்தகம் கிடைத்தது. முதல் பக்கத்தில் ஆசிரியை தம் கையால் என் பெயரை எழுதியிருந்தார். அம்மா அதைப் பழைய பிளாஸ்டிக் பையில் சுற்றி, சாமி படத்துக்குப் பக்கத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். உங்கள் புத்தகத்தின் முதல் பக்கத்தில், உங்கள் பெயருக்குக் கீழே, அப்பா அம்மாவின் பெயரையும் அவர்கள் செய்யும் வேலையையும் எழுதுங்கள். பெற்றோர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் பரிசு வாங்காத பிள்ளையிடம், இந்த வருஷம் அவன் நன்றாகச் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். இல்லாத பிள்ளை இல்லை.

என் பங்குக்குப் பள்ளி நூலகத்துக்கு 23 கதைப் புத்தகங்கள் கொண்டுவந்திருக்கிறேன். பெரும்பாலும் பழையவை. அவற்றின் முதல் பக்கத்தில் நன்கொடையாளர் பெயர் என்று எதுவும் நான் எழுதவில்லை; வெறுமையாக விட்டிருக்கிறேன். ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்து முடிக்கிற பிள்ளை, ஆசிரியரிடம் காட்டி, அதில் தன் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளலாம். முதல் மாணவராக இருக்க வேண்டியதில்லை. நாற்காலி தூக்குகிற பிள்ளையாகவும் இருக்கலாம். தலைமையாசிரியர் இதற்கு அன்போடு அனுமதி தந்திருக்கிறார்.

பின்வரிசையில் வேலை உடுப்போடு வந்து உட்கார்ந்திருக்கும் என் அம்மாவுக்கு நன்றி.