காவலன் வீட்டில் கள்வன்

ஊரைக் காக்கும் காவலனின் வீட்டிலேயே கள்வன் ஒருவன் குடிபுகுந்து, அவன் சோற்றையே உண்டு வாழ்வானாயின் அவ்வூரின் கதி என்னாகும்? இது கற்பனைக் கதையன்று. காசநோய்க் கிருமி மனித உடலுள் நடத்தும் வாழ்க்கை இத்தகையதே. அதனை அறிவதால் நமக்கு விளையும் பயனையும் இன்று எண்ணிப் பார்ப்போம்.

1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் இராபர்ட் காக் என்னும் அறிஞர், காசநோய்க்குக் காரணம் கோல் வடிவான ஒரு கிருமியே என்று சான்றுகளோடு அறிவித்தார். அதே ஆண்டில், இத்தாலியைச் சேர்ந்த மெஸ்ஸினாவில், மெச்னிகாவ் என்னும் இரஷ்ய அறிஞர், கண்ணாடி போன்ற உடலையுடைய நட்சத்திர மீன் குஞ்சினுள் முள்ளைச் செருகி வைத்தார். மறுநாட் காலை அம்முள்ளைச் சூழ்ந்து உயிரணுக்கள் மொய்த்து நின்றன. உடலுள் நுழையும் அந்நியப் பொருளை விழுங்கி அழிக்கும் அணுக்கள் உண்டு என்னும் கொள்கை அதிலிருந்து பிறந்தது. ஒருவர் கள்வனைக் கண்டார். மற்றவர் காவலனைக் கண்டார்.

அக்காவலன் தன் கடமையை எவ்வாறு செய்கிறான்? நம் நுரையீரலின் காற்றறைகளில் விழுங்கணுக்கள் உலவுகின்றன. கிருமி ஒன்று வந்தால் அதனை விழுங்கி, ஒரு சிறு பைக்குள் அடைக்கின்றன. உயிரணுவினுள் செரிப்புச் சாறு நிறைந்த வேறு நுண்பைகளும் உள்ளன. லைசோசோம் என்று 1955-இல் பெயர் பெற்ற அவை, கிருமி இருக்கும் பையோடு வந்து கலக்கும். அமிலமும் சாறும் சேர்ந்து கிருமியைக் கரைத்துவிடும். சாதாரணக் கிருமிகள் பலவற்றின் முடிவு இதுவே.

காசநோய்க் கிருமியோ விழுங்கப்பட்டும் மடிவதில்லை. 1971-இல் ஆம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் உதவியால் இதற்குரிய காரணத்தைக் கண்டனர். செத்த கிருமி இருக்கும் பையோடு லைசோசோம் கலந்தது. உயிருள்ள கிருமி இருக்கும் பையோடு பெரும்பாலும் கலக்கவில்லை! அக்கலப்பை நிகழ்த்தும் உட்கட்டளைகளைக் கிருமி தான் வெளியிடும் பொருள்களாற் குலைத்துவிடுகிறது. மெழுகு போன்ற அதன் தடித்த சுவரும் அதற்குக் கவசமாகிறது. விழுங்கணுவின் கொழுப்பையே உணவாகக் கொண்டு, ஏறத்தாழ 20 மணிக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிந்து, மெல்லப் பெருகுகிறது.

இக்கலையில் வல்ல கிருமிகள் வேறும் உண்டு. லிஸ்டீரியா பையைத் துளைத்து வெளியேறிவிடும். தொழுநோய்க் கிருமி நரம்புகளைப் போர்த்திய அணுக்களிலும் குடியிருக்கும்.

உடல் சும்மா இருப்பதில்லை. வேறு வெள்ளணுக்கள் வந்து விழுங்கணுக்களுக்கு ஊக்கமளிக்கின்றன. யாவும் கூடிக் கிருமியைச் சுற்றி மதில் எழுப்புகின்றன. பெரும்பாலோரிடம் அது பல்லாண்டு அம்மதிலுக்குள் அடங்கிக் கிடக்கும். தொற்றுடையோர் நூற்றுவரில் ஐவர் முதல் பதின்மர் வரையே வாழ்நாளில் நோயுறுகின்றனர். ஊட்டமின்மை, நீரிழிவு, எச்.ஐ.வி. போன்றவற்றால் உடல் தளர்ந்தால் மதில் இடிகிறது. நடுப்பகுதி கட்டித்தயிர் போல் இளகி மூச்சுக் குழாயில் வடிகிறது. நுரையீரலிற் குழி விழுகிறது. இருமல் வழியே கிருமி பிறரை நாடிச் செல்கிறது.

இனி என் பிழை ஒன்றைச் சொல்லவேண்டும். 1994-இல் என் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு இந்நோய் கண்டது. இரண்டு திங்கள் மருந்துண்டதும் இருமல் நின்றது, முகம் தெளிந்தது. “ஐயா, இன்னும் மாத்திரை சாப்பிட வேண்டுமா?” என்று கேட்டான். “உடம்புதான் தேறிவிட்டதே, மருந்து எதற்கு?” என்றேன். ஓராண்டுக்குள் நோய் முன்னினும் கடுமையாகத் திரும்பிற்று. நெடுநாள் மருத்துவத்திற்குப் பின் அவன் பிழைத்தான். ஆயினும் அவ்வாண்டுத் தேர்வை எழுத இயலவில்லை. ஆசிரியன் சொல்லை அவன் நம்பினான். அச்சொல்லோ அறியாமையிற் பிறந்தது.

மருந்து, விரைந்து பெருகும் கிருமிகளை முதலிற் கொல்கிறது. நோயின் அறிகுறிகள் மறைவது அதனால்தான். ஒளிந்தும் உறங்கியும் கிடப்பவை எளிதில் மாள்வதில்லை. ஆதலின்தான் வழக்கமான மருத்துவம் ஆறு திங்கள் நீள்கிறது. இடையில் நிறுத்தினால் எஞ்சியவை மீண்டும் பெருகும்; மருந்துக்கு அடங்காத கிருமிகளும் தோன்றக்கூடும்.

இத்துறையில் நம் சென்னைக்கும் பெருமை உண்டு. 1956-இல் இங்கு தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே ஒழுங்காக மருந்துண்பவர், சானடோரியத்தில் தங்கியவருக்கு ஏறத்தாழ ஒப்பாகவே குணமடைவர் என்று 1959-இல் உலகிற்குக் காட்டிற்று. அவ்வெற்றிக்கு அடிப்படை, நாள் தவறாத மருந்தே.

ஆகவே, மாணவர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ எவரேனும், “உடம்பு தேறிவிட்டது, மருந்தை நிறுத்தலாமா?” என்று கேட்டால், நான் அன்று சொன்னதைச் சொல்லாதீர்கள். “கள்வன் இன்னும் காவலன் வீட்டில் இருக்கக்கூடும், மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தவேண்டா” என்று சொல்லுங்கள்.