செவிகொடுக்கும் தலைமை



கணிப்பொறித் துறையில் திட்ட மேலாளராக விழையும் நம் இளைஞர் பலர், ஆங்கிலம் சரளமாகப் பேசினாற் போதும் எனக் கருதுகின்றனர். பேச்சுத் திறன் வேண்டியதே. எனினும் பிறர் சொல்வதைக் கேட்கும் திறன் அதனினும் இன்றியமையாதது.

1998 டிசம்பரில் அமெரிக்காவின் நாசா நிறுவனம் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்னும் விண்கலத்தைச் செவ்வாய்க்கு அனுப்பியது. உந்துவிசைக் கணக்கை ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு அளவில் தந்தது. மற்றொரு குழுவோ அதனை நியூட்டன் அளவென்று கொண்டது. கலத்தின் பாதை குறித்து வழிநடத்துவோர் சிலர் ஐயுற்றனர். அவ்வையம் முறைப்படி ஆராயப்படவில்லை. 1999 செப்டம்பர் 23-இல் செவ்வாயை நெருங்கிய கலம் தொடர்பற்றுப் போயிற்று. குழுக்களிடையே போதிய செய்திப் பரிமாற்றம் இல்லாமையையும் காரணங்களுள் ஒன்றாக விசாரணைக் குழு சுட்டியது.

ஆகவே, இளைஞர்களே, ஐயத்தை அஞ்சாது வினவவும் எழுத்தில் பதியவும் இன்றே பழகுங்கள். மேலாளரான பின், கடைநிலை ஊழியரின் சொல்லையும் எடைபோட்டுப் பாருங்கள். 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்னும் பழமொழியின் வலியை நம் முன்னோர் பட்டறிந்தனர். நம்மவர் தலைமை ஏற்கும் குழுவில் எவர் சொல்லும் அம்பலம் ஏறுதல் வேண்டும்.