பந்தயம் முடிந்தது, பயணமும் நின்றது



1969 ஜூலையில் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தார். 1972 டிசம்பரில் யூஜின் செர்னன் அங்கிருந்து கிளம்பினார். இடையில் மூன்றரை ஆண்டுகூட முழுதாக இல்லை. நடந்தவர்கள் பன்னிரண்டு பேர். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு அந்தப் பக்கம் மனிதன் எட்டிப் பார்க்கவில்லை. பணம் இல்லை என்பார்கள். பணம் தானாக வற்றாது நண்பர்களே! அது ஏன் வற்றியது என்பதற்கு விடை தொடக்கத்திலேயே இருக்கிறது.

1962 செப்டம்பரில், ஹூஸ்டன் ரைஸ் பல்கலைக்கழக விளையாட்டரங்கில், கொளுத்தும் வெயிலில் நின்று, நிலவுக்குப் போவோம் என்று முழங்கினார் அமெரிக்க அதிபர் கென்னடி. உலகமே கேட்ட பேச்சு அது. உலகம் கேளாத பேச்சு அதே ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி வெள்ளை மாளிகைக்குள் நடந்தது. விண்வெளி அறிவு எல்லாத் திசையிலும் வளர வேண்டும், நிலவுப் பயணம் அதில் ஒரு பகுதி என்று வாதாடுகிறார் நாசா தலைவர் ஜேம்ஸ் வெப். கென்னடி இறங்கி வரவில்லை. ரஷ்யாவை முந்த வேண்டும். அதற்கில்லை என்றால் இவ்வளவு பணத்தைக் கொட்டக் கூடாது. விண்வெளியில் எனக்கு அப்படியொன்றும் ஆர்வமில்லை என்ற பொருளில் பேசுகிறார். அந்த ஒலிநாடா பல பத்தாண்டுகள் கழித்தே வெளிவந்தது. அவரை நான் பழிக்கவில்லை. கியூபா ஏவுகணை நெருக்கடி தணிந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். ஆனால் நிலவுப் பயணத்தின் ஆயுள் அந்த அறையிலேயே கணிக்கப்பட்டுவிட்டது.

போட்டிக்காக ஓடியவர் ஜெயித்தபின் எதற்காக ஓடுவார்? 1966இல் அமெரிக்க அரசின் செலவில் நூற்றில் நான்கு பங்குக்கும் மேல் நாசாவுக்குப் போனது. பிறகு சரிவுதான். ஆம்ஸ்ட்ராங் இறங்குவதற்கு முந்தைய ஆண்டே சாட்டர்ன் 5 ராக்கெட் உற்பத்தியை நிறுத்த முடிவெடுத்தாகிவிட்டது. 1970இல் அப்பல்லோ 18, 19, 20 மூன்றும் ரத்து. பின்னால் வந்த விண்ணோடம் பூமியைத்தான் சுற்றியது. கல்பனா சாவ்லா உட்பட பதினான்கு உயிர்கள் அதில் போயின.

எனக்கு மனம் ஆறாத இடம் ஒன்று உண்டு. பன்னிரண்டு பேரில் விஞ்ஞானி ஒரே ஒருவர்: ஹாரிசன் ஷ்மிட், பாறைகளைப் படித்த நிலவியல் அறிஞர். அவருக்கு இடம் கிடைத்ததே கடைசிப் பயணத்தில்தான். ஒரு பள்ளத்தின் விளிம்பில் நடக்கும்போது, சாம்பல் நிறத் தரைக்கு நடுவே அவர் காலடியில் செம்மஞ்சள் மண் கிளம்பி வந்தது. 350 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் நிலவின் எரிமலை கக்கிய கண்ணாடி மணிகள் அவை! பார்க்கத் தெரிந்த ஒருவர் போய் இறங்கியதும் நிலவு பேசத் தொடங்கியது. அப்போதுதான் கடையைக் கட்டினார்கள்.

இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது. தென்துருவத்தை 1911இல் அமுண்ட்சென் தொட்டார். மறுமாதம் ஸ்காட் தொட்டார். பந்தயம் தீர்ந்தது. 1956 வரை அந்த இடத்தில் மனிதக் கால் படவில்லை. அதன்பின் ஆய்வு செய்யப் போனவர்களோ இன்றுவரை அங்கேயே நிலையம் அமைத்துக் குளிர்காலத்திலும் தங்குகிறார்கள்.

மாணவர்களே, 2040க்குள் நிலவில் இந்தியரை இறக்குவது என்று நம் நாடும் இலக்கு வைத்திருக்கிறது. அதற்கு முன்படியாக, மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யானின் எஞ்சின்கள் நம் மகேந்திரகிரியில்தான் எரித்துச் சோதிக்கப்பட்டன. சீனாவுக்கு முன்னாலா பின்னாலா என்று தொலைக்காட்சிகளில் விவாதம் நடக்கும். நடக்கட்டும். நீங்கள் வேறு இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். நிலவில் இறங்கும் கலத்தில் ஒரு நிலவியல் அறிஞருக்கு இருக்கை உண்டா? இரண்டாவது, மூன்றாவது பயணங்களுக்கும் சேர்த்தே நிதி ஒதுக்கியிருக்கிறீர்களா?