ஆபரேஷனுக்கு முன் நர்ஸ் கேட்ட கேள்வி
(பெண்களுக்கான மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



நமக்கு வந்த மருத்துவ உதவி மனு ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன். பெயர், தெரு வேண்டாம். கல்லூரிப் பிள்ளை. பித்தப்பையில் கல். ஈரோட்டில் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று. நானும் கையெழுத்திட்டேன்.

முதல் நாள் மாலை நர்ஸ் வந்தார். தாயாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "சாப்பிட்டதும் வாந்தி எடுப்பியா, கண்ணு?" என்று கேட்டிருக்கிறார். பிள்ளை அழுதுவிட்டது. குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் இரண்டு வருடமாக நடக்கிறது. வேகமாக எடை குறைந்தாலும் பித்தக்கல் வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நோன்பு மாதத்தில் ஸஹருக்கு எழாமல், இஃப்தாருக்கு ஒரு பேரீச்சம்பழத்தோடு நிறுத்தியதை நாம் பேணுதல் என்று பாராட்டினோம். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. நோயென்று நமக்குத் தெரிந்தால்தானே!

இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது. அடிக்கடி வாந்தி எடுத்தால் அப்படி ஆகும். அந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் இதயத் துடிப்பு தடுமாறலாம். ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். தாயார் உடனே நெய்ச்சோறு கொண்டுவரக் கிளம்பினார். அதுவும் ஆபத்து. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, முகாம்களில் பட்டினி கிடந்தவர்களுக்குத் திடீரென நிறைய உணவு கொடுத்ததில் பலர் இறந்திருக்கிறார்கள்.

பிறகு அந்த நர்ஸ் செய்ததுதான் முக்கியம். திட்டவில்லை. எண் தெரியாதபடி திருப்பி நிற்கவைத்து எடை பார்த்தார். ஆபரேஷனுக்கு 6 மணி நேரம் முன்பு உணவையும், 2 மணி நேரம் முன்பு தண்ணீரையும் நிறுத்துவது மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகாமலிருக்க, மெலிவதற்கு அல்ல என்று விளக்கினார். டிரிப்ஸில் கொழுப்பு ஏறாது, புண் ஆறப் புரதம் வேண்டும் என்றார். "நல்லா தேறிட்டே" என்றுகூடச் சொல்லாதீர்கள் என்று வீட்டாரிடம் கேட்டுக்கொண்டார். அந்தப் பிள்ளைக்கு அதன் பொருள் 'குண்டாகிவிட்டாய்' என்பதுதானாம்.

மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று மறைக்காதீர்கள். மனநல சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காக்க 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 14416க்குக் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

நம் மனுவில் 'தனியாகப் பேச வேண்டும்' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். அதைப் பெண் உறுப்பினர்தான் பார்ப்பார், நான் அல்ல. அந்தப் பிள்ளைக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். துஆச் செய்யுங்கள்.