சாவிக்கொத்து யார் கையில்?

   

எனக்கு முன்னால் பேசிய அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. "அமெரிக்காவிலே ஒருவர் இரண்டு தடவைக்கு மேலே அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. நல்லா ஆளுகிறவரை மக்களே மறுபடி கேட்டாலும் கூடாதுன்னு சொல்ல இந்தச் சட்டம் யாரு?" கேட்டாங்க, கைதட்டலும் வாங்கிட்டாங்க. பதில் சொல்ல வேண்டிய பாவி நான்! (சிரிப்பு)

ஐயா, ஆரம்பத்திலே இந்தச் சட்டமே கிடையாது. 1789இல் முதல் அதிபரானவர் ஜார்ஜ் வாஷிங்டன். விடுதலைப் போரிலே படை நடத்தியவர். இரண்டு முறை ஆண்டார். மூன்றாவது முறை நின்றிருந்தால் தடுக்கச் சட்டம் இல்லை. அவரே 'போதும்' என்று 1797இல் தன் பண்ணைக்குப் போயிட்டார். அதுவே மரபாச்சு. பின்னாலே 1880இல் கிராண்ட், 1912இல் தியோடர் ரூஸ்வெல்ட், மூன்றாவது தடவைக்கு முயன்று பார்த்தாங்க. நடக்கலை.

மரபை உடைத்தவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1932, 1936, 1940, 1944. நாலு தேர்தல், நாலும் வெற்றி! கெட்டவரா? இல்லீங்க. பொருளாதாரம் சரிந்து கிடந்த நாட்டுக்குத் தெம்பு கொடுத்தவர். உலகப் போரிலே வழிநடத்தியவர். அங்கேதான் ஐயா சிக்கல்! கெட்டவரை இறக்க ஓட்டு போதும். நல்லவரை இறக்க யாருக்கு மனசு வரும்? (கைதட்டல்)

விளைவு என்ன? ஒன்பது பேர் அமரும் உச்ச நீதிமன்றத்துக்கு, 8 புது நீதிபதிகளை அவர் ஒருவரே நியமித்தார். தப்பு வழியிலே இல்லை; இடம் காலியாச்சு, நியமித்தார். ஆனால் ஒருவரே நெடுங்காலம் இருந்தால், அவரைத் தட்டிக் கேட்க வேண்டிய நாற்காலியிலும் அவர் உட்கார வைத்தவர்தானே இருப்பார்?

இன்னொன்று சொல்றேன். 1945 ஏப்ரல் 12. நாலாவது பதவிக்காலம் தொடங்கி மூணு மாசம்கூட ஆகலை. ரூஸ்வெல்ட் இறந்துட்டார். துணை அதிபர் ட்ரூமன் அன்றைக்கே பதவியேற்கிறார். போர் இன்னும் முடியலை. அணுகுண்டுத் திட்டத்தின் முழு விவரமே அதற்குப் பிறகுதான் அவருக்குச் சொல்லப்பட்டது!

நம்ம வீட்டிலே பார்க்கிறதுதான். மாமியார் இடுப்பிலே சாவிக்கொத்து. தங்கமான மாமியார், குடும்பமே கும்பிடுது. ஆனால் எந்தப் பெட்டியிலே என்ன இருக்குன்னு மருமகளுக்குச் சொன்னதே இல்லை. ஒருநாள் அவங்க கண்ணை மூடிட்டாங்க. மருமகள் பாவம், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்குன்னு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறா! (சிரிப்பு) சிரிக்கிறீங்க. ஒரு நாடே அப்படித் தவித்தால் சிரிப்பு வருமா? போகிற நாள் முன்கூட்டியே தெரிந்தால்தான் ஐயா, அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்கணும்கிற நினைப்பே வரும்.

அதனாலேதான் 22ஆவது திருத்தம். 1947இல் நாடாளுமன்றத்திலே நிறைவேறி, மாநிலங்களின் ஒப்புதலோடு 1951இல் சட்டமாச்சு. "அது எதிர்க்கட்சிக் காழ்ப்பு"ன்னு அம்மா சொன்னாங்க. குடியரசுக் கட்சி முன்னின்று கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் பூட்டு முதலில் யாருக்கு விழுந்தது தெரியுமா? 1952லும் 1956லும் ஜெயித்த ஐசனோவருக்கு. அவர் அதே குடியரசுக் கட்சி! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) வேண்டியவர், வேண்டாதவர் பார்க்காததுதானே சட்டம்?

வயலுக்கு வரப்பு கட்டுவது தண்ணீர் மேலே கோபப்பட்டா? தண்ணீர் பயிருக்கு உதவட்டும் என்றுதானே! நல்ல தலைவர் போனாலும் நாடு தடுமாறக் கூடாது. ஆகவே, பதவிக்கு வரம்பு தேவையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, எனக்குத் தந்த நேரமும் வரம்பைத் தொட்டுவிட்டதால் விடைபெறுகிறேன்.  (கைதட்டல்)