கருவைக் காட்டில் கிடக்கும் ஆற்றல்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா மேடையில் கடந்துவந்த பாதையைப் பாராட்டிப் பேசுவது மரபு. அதனை நம்மினும் சிறப்பாகச் செய்யவல்ல சான்றோர் இங்கே வீற்றிருக்கின்றனர். நமக்கு அளிக்கப்பட்ட தலைப்பு, 'வெட்டப்படும் காடும் ஊரக எரியாற்றலும்' என்பதாகும். கல்விக் கழகத்தின் விழாவிலே விறகைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அந்த விறகை வெட்டுகின்றவர் யார், அதனால் வாழ்கின்றவர் யார் என்று கேட்டுப் பார்த்தால், இது கல்வியைப் பற்றிய பேச்சே என்பது விளங்கும்.

தென் மாவட்டங்களின் கண்மாய்களிலும் புறம்போக்குகளிலும் தரிசுகளிலும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தை நாம் அனைவரும் அறிவோம். வேலிக்காத்தான் என்றும் வேலிக்கருவை என்றும் ஊருக்கொரு பெயரால் அழைக்கிறோம். இது நம் மண்ணின் மரமன்று. அமெரிக்கக் கண்டத்து வறள்நிலங்களுக்கு உரியது. 1877-ஆம் ஆண்டையொட்டி ஜமைக்காவிலிருந்து தருவிக்கப்பட்ட விதைகள், அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பை மாவட்டத்தில் கமலாபுரம் என்னும் இடத்தில் விதைக்கப்பட்டன. விறகுப் பஞ்சத்தைப் போக்க வந்த மரம், ஆடுமாடுகள் தின்று கழித்த நெற்றுகளின் வழியே பரவி, நீர்நிலைகளையே மூடிவிட்டது. மலைக்காடுகளில் உண்ணிச்செடியின் கதையும் இதுவே. அழகுச் செடியாக வந்தது, யானையும் மானும் மேயும் புல்வெளிகளைப் பிடித்துக்கொண்டது.

2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றுமாறு ஆணையிட்டது. 2022-இல் தமிழ்நாடு அரசு, அயல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கெனக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஆகவே இன்னும் பல ஆண்டுகளுக்கு வெட்டும் பணி நடந்துகொண்டேயிருக்கும். வெட்டியதை என் செய்வது என்பதே நம் வினா. தடித்த கட்டைகள் லாரியேறிப் போகின்றன. சுள்ளியும் தூரும் சிம்பும் கிடந்த இடத்திலேயே கொளுத்தப்படுகின்றன. ஓர் ஊரின் ஆற்றல் புகையாகப் போவதை ஊரார் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் நம் மக்களின் பங்கு யாது? முள்ளில் இறங்கி வெட்டுவது நாம். மூட்டம் போடுவது நாம். கரியை அள்ளிச் சாக்கில் கட்டுவதும் நாமே. எடை போடுபவர் வேறொருவர்; விலை சொல்பவர் வேறொருவர். முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு மரம்வெட்டப் போகின்றவரின் நிலையை நாடே ஒருமுறை கண்டது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களில் கொத்தடிமைகளாக இருந்த 42 இருளர் மக்களை வருவாய்த்துறையினர் மீட்டனர். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது 1976-இல் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இடையே ஓடிய ஆண்டுகள் 43.

அரசுப் பள்ளியில் பணியாற்றும் நாம் இதனை வருகைப் பதிவேட்டிலே காண்கிறோம். வெட்டுக்கும் மூட்டத்துக்கும் பெற்றோர் வெளியூர் செல்லும் மாதங்களில் பிள்ளைகளின் பெயருக்கு நேரே வராமைக் குறி வரிசையாக விழுகிறது. அம்மாதங்களில் விடுபட்ட பின்னக் கணக்கும் இலக்கணமும் பிறகு அப்பிள்ளைக்கு எளிதில் கைகூடுவதில்லை. வேலை ஊரிலேயே நிலையாகக் கிடைத்தால் பிள்ளை பள்ளியில் இருக்கும். இக்கழகத்துக்கும் விறகுக்கும் உள்ள தொடர்பு இதுதான்.

இனிச் சிறிது கணக்குப் பார்ப்போம். வெட்டியவுடன் உள்ள பச்சை விறகின் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நீரே. பாதி நீராக உள்ள விறகு 1 கிலோவை எரித்தால் நமக்குப் பயன்படும் வெப்பம் ஏறத்தாழ 1,800 கிலோ கலோரி. அதே விறகை நிழலும் காற்றும் படும்படி அடுக்கி நன்றாக உலர்த்திய பின் எரித்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 3,500 கிலோ கலோரி கிடைக்கும். ஏனெனில், பச்சை விறகு தன் வெப்பத்தின் ஒரு பகுதியைத் தன் நீரை ஆவியாக்குவதிலேயே செலவிட்டுவிடுகிறது. ஆனால் உலர்ந்தால் எடை குறையும். டன் கணக்கில் கூலி பெறுகின்றவருக்கு உலர்த்துவது நட்டம். உலர்ந்த விறகுக்கு உரிய விலையைக் கேட்டு வாங்கும் நிலையில் இருப்பவருக்கே அது ஆதாயம். வெட்டுகிற கூட்டம் விற்கிற சங்கமாக மாறினாலன்றி இந்த ஆதாயம் நம் கைக்கு வாராது.

அடுத்துக் கரிமூட்டம். கட்டைகளை அடுக்கி, தழையும் மண்ணும் கொண்டு மூடி, நாட்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்குகிறோம். பழைய முறையில் 1 டன் கரிக்கு ஏறக்குறைய 5 டன் விறகு வேண்டும். 1 கிலோ கரியின் வெப்பம் 7,000 கிலோ கலோரி. 5 டன் உலர்விறகின் வெப்பத்தோடு இதனை ஒப்பிட்டால், பத்தில் நான்கு பங்கே கரியில் தங்குகிறது. ஆறு பங்கு புகையோடு போகிறது. அப்புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டு. மூட்டத்தின் அருகே நின்று மண் தள்ளும் நம் தாய்மார்களும் இளைஞர்களும் அதனையே சுவாசிக்கின்றனர். இரும்புக் கலத்தில் விறகைக் கரியாக்கி, எழும் புகையையும் அக்கலத்தின் அடியிலேயே எரியவிடும் முறை உண்டு. அதில் கரி மிகுதியாகவும் புகை குறைவாகவும் கிடைக்கும். அது எட்டாத தொழில்நுட்பமன்று. தொழிற்பயிற்சி நிலையத்தில் பற்றவைப்புப் படித்த நம் இளைஞர் செய்யக்கூடியதே.

விறகிலிருந்து மின்சாரமும் எடுக்கலாம். போதிய காற்றின்றி விறகைக் கலத்தில் எரித்தால் அது முழுதும் எரியாமல், எரியக்கூடிய வாயுவாக மாறும். அந்த வாயுவைக் குளிர்வித்துத் தூய்மை செய்து இயந்திரத்துக்குள் செலுத்தினால் இயந்திரம் ஓடும்; மின்னாக்கி சுழலும். 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 முதல் 1.3 கிலோ உலர்விறகு செலவாகும். 1 டன் விறகில் 800 யூனிட் எனக் கொள்ளலாம். 5 குதிரைத்திறன் நீரேற்றி ஒன்றை ஏறத்தாழ 180 மணி நேரம் ஓட்ட அது போதும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. கருநாடகத்தில் தும்கூர் மாவட்டத்து ஹொசஹள்ளி என்னும் சிற்றூரில் 1988-இல் இந்திய அறிவியல் கழகத்தார் இத்தகைய கலத்தை நிறுவினர். ஊராருக்கு விளக்கும் குடிநீரும் மாவரைக்கும் ஆற்றலும் விறகிலிருந்தே கிடைத்தன. நம் கோவை மாவட்டத்தில், மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, குடிநீர் இறைப்பதற்காக 2003-இல் 9 கிலோவாட் கலத்தை அமைத்தது. பீகாரின் தம்குஹா என்னும் ஊரில் 2007-இல் உமியைக் கொண்டு விளக்கேற்றினர். ஓர் ஊராட்சியும் ஒரு சிற்றூரும் செய்ததை நம்மாலும் செய்ய இயலும்.

ஆயினும் இக்கலங்களின் குறைகளையும் அறிந்துகொள்ளல் வேண்டும். வாயுவோடு வரும் தாரை நாள்தோறும் நீக்காவிட்டால் இயந்திரம் அடைத்துக்கொள்ளும். ஈர விறகு போட்டாலும் இதே கதிதான். பயின்ற ஆள் இல்லாத ஊரில் கலம் துருப்பிடித்துப்போகும். மின்வாரியக் கம்பி ஊருக்கு வந்தபின் விறகு மின்சாரத்துக்கு முன்போன்ற தேவையுமில்லை. ஆகவே நம் கருத்து, முதலில் வெப்பம், பிறகு மின்சாரம் என்பதாகும். செங்கற்சூளை, நெல் அவிக்கும் ஆலை, சாயப்பட்டறைக் கொதிகலன் ஆகியவற்றுக்கு வேண்டியது வெப்பமே. உலர்விறகாகவோ, தூளாக்கி அழுத்திய எரிகட்டியாகவோ அவற்றுக்கு நாம் விற்கலாம். அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு 5 விழுக்காட்டளவில் இத்தகைய எரிகட்டிகளையும் சேர்த்து எரிக்க வேண்டுமென 2021-இல் நடுவண் அரசு கொள்கை வகுத்தது. சந்தை உண்டு என்பதற்கு இதுவே சான்று.

ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறோம். எரிவாயு வந்த வீட்டில் மீண்டும் புகையடுப்பை மூட்டுங்கள் என்று நாம் கூறவில்லை. நம் தாய்மார்களின் கண்களும் நுரையீரலும் பட்டது போதும். விறகு விற்ற காசில் எரிவாயு உருளை வாங்கட்டும் என்பதே நம் விருப்பம்.

இன்னொன்றும் உண்டு. கருவையை நம்பி 10 மெகாவாட் ஆலை ஒன்று எழுந்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 90,000 டன் விறகு அதற்கு வேண்டும். அவ்வளவு பெரிய வயிற்றுக்கு இரை தேடும் ஆலை, கருவை ஒழிய வேண்டுமென்று ஒருபோதும் விரும்பாது. நாள்தோறும் 6 மணி நேரம் ஓடும் 20 கிலோவாட் கலத்துக்கோ ஆண்டுக்கு 50 டன் போதும். அதனைக் கண்மாய் சீரான பின்னும் புளி, வேம்பு, நாட்டுக்கருவை ஆகியவற்றின் கிளைகளைக் கழித்தே நிறைவு செய்யலாம். தூரோடு பெயர்த்தெடுத்து, அவ்விடத்தில் நாட்டு மரங்களை நட்டால்தான் வேலை முடிந்தது எனக் கொள்ளல் வேண்டும். அடிவேரை விட்டு வெட்டினால் அடுத்த மழைக்கே தளிர்த்துவிடும்.

இனி உரிமையைப் பற்றிச் சில சொற்கள். கண்மாய் மரம் ஏலத்தில் போகிறது. ஏலம் கேட்க நம்மவர் முன்வந்தால் முகம் சுளிக்கும் ஊர்கள் இன்னும் உண்டு. தனித்தொகுதிகளாக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996-க்குப் பின் பத்தாண்டுகள் தலைவர் தேர்தலே முறையாக நடைபெற முடியாமல், 2006-இல்தான் நடைபெற்றது என்பதை மறந்துவிடக் கூடாது. பொதுச் சொத்தில் நமக்கும் பங்குண்டு என்று கூறுவது இன்று புதிதாக எழுந்த வழக்கன்று. 1927-இல் மகத் நகரில் அண்ணல் அம்பேத்கர் பொதுக்குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருகியபோதே அது நிலைநாட்டப்பட்டது. குளத்து நீரில் உரிமை உடையவருக்குக் குளத்தில் விளைந்த மரத்திலும் உரிமை உண்டு.

காட்டைச் சார்ந்த ஊர்களுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் துணை நிற்கிறது. சிறு வனப்பொருள் என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் மூங்கிலோடு புதர்விறகும் அடிக்கட்டையும் சேர்க்கப்பட்டுள்ளன. பழங்குடியினரும், மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாக, காட்டைச் சார்ந்து வாழும் பிறரும் இவ்வுரிமையைக் கோரலாம். 1892-ஆம் ஆண்டு அரசாணையின் வழியில் நம் முன்னோருக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களுள் தரிசாகிக் கருவை மண்டியவையும் உண்டு. அங்கே முள்ளை அகற்றுவது விறகுக்கு வழி. அதனினும் மேலாக நிலத்தை மீட்பதற்கு வழி.

ஆகவே இக்கழகத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, மேல்நிலை மாணவரைக் கொண்டு ஒவ்வோர் ஊரின் புறம்போக்கையும் கருவைப் பரப்பையும் அளந்து பதிவு செய்தல். பரப்பளவு, எடை, விழுக்காடு என்னும் பாடங்களுக்கு இதனினும் நல்ல செய்முறை இல்லை. இரண்டாவது, வெட்டுவோர் சங்கம் ஒன்றைப் பதிவு செய்து, பெண்களைச் சரிபாதியாகச் சேர்த்து, ஏலத்தில் சங்கத்தின் பெயரால் கலந்துகொள்ளல். மூன்றாவது, கூரையோடு கூடிய உலர்களமும் எடைமேடையும் அமைத்தல். எடைமேடையின் முள் அனைவர் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கட்டும். நான்காவது, ஆண்டுதோறும் சில இளைஞரையேனும் கொதிகலன், வாயுக்கலம், எரிகட்டி இயந்திரம் ஆகியவற்றில் பயிற்சிக்கு அனுப்புதல்.

இந்நான்கும் ஒரே ஆண்டில் நிறைவேறா. ஆனால் அளப்பது நாளையே தொடங்கலாம். அதற்கு ஒரு நாடாவும் ஒரு குறிப்பேடும் போதும். எழுதப் படிக்கத் தெரிந்த தலைமுறையை இக்கழகம் ஈன்றுவிட்டது. அத்தலைமுறை தன் பெற்றோர் வெட்டிய விறகின் எடையைத் தானே குறித்து, தானே கணக்குப் பார்த்து, உரிய விலையைக் கேட்குமாயின், இருபத்தைந்து ஆண்டு உழைப்பு வீட்டு அடுப்பங்கரை வரை வந்து சேர்ந்ததாகப் பொருள். பொன்விழா காணும் நாளில் அக்குறிப்பேடுகள் இக்கழகத்தின் நூலகத்தில் வரிசையாக இருக்க வேண்டும் என வாழ்த்தி அமைகிறோம்.